கழற்றி மாட்டுவது பழுதுபார்ப்பு ஆகாது

படிவம் 5 இயற்பியல் பாடத்தில் இரண்டாம் அத்தியாயத்தைக் கடந்த மாணவர் எவரும் இந்தக் கணக்கைச் செய்யாமல் இருந்திருக்க மாட்டார். ஒரு பக்கம் சிறிய பிஸ்டன், மறுபக்கம் பெரிய பிஸ்டன், நடுவில் எண்ணெய். சிறியதை இவ்வளவு விசையில் அழுத்தினால் பெரியது எவ்வளவு பாரத்தைத் தூக்கும்? பாஸ்கல் கோட்பாட்டை எழுதி, எண்களைப் போட்டு, விடைக்குக் கீழே இரண்டு கோடு இழுத்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுவோம். தூக்கிய பாரம் அரை மணி நேரம் கழித்துத் தானாகவே இறங்கி வந்தால் என்ன செய்வது என்று அந்தப் பாடத்தில் யாரும் கேட்பதில்லை. என் பிழைப்பே அந்தக் கேள்வியில்தான் நடக்கிறது.

கிள்ளான் பக்கம் படகு இன்ஜின்களைப் பழுதுபார்க்கும் சிறு பட்டறை ஒன்றை நடத்துகிறேன். நம் நாட்டு வழக்கில் சொன்னால் நான் ஒரு 'போமேன்'. ஆங்கிலத்தில் அந்தச் சொல் தொழிலாளர்களை மேய்க்கும் மேற்பார்வையாளரைக் குறிக்கும். இங்கே எப்படியோ ஸ்பேனர் பிடித்தவர்களுக்கெல்லாம் அந்தப் பட்டம் வந்துவிட்டது. பட்டம் பெரியதுதான், மரியாதை மட்டும் அந்த அளவுக்கு வந்து சேரவில்லை. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் பொதுவாகப் பேசினால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்பதால் ஒரே ஒரு கருவியை எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

படகின் பின்பலகையில் தொங்கும் அவுட்போர்டு இன்ஜினைப் பார்த்திருப்பீர்கள். பெரியவை 200 கிலோவுக்கும் மேல் எடை கொண்டவை. அதைக் கையால் தூக்க முடியாது. ஆனால் படகோட்டியின் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு பொத்தான் இருக்கிறது. மேல்பக்கம் அழுத்தினால் இன்ஜின் நீரிலிருந்து எழுந்து வரும், கீழ்ப்பக்கம் அழுத்தினால் இறங்கும். இதைத்தான் டில்ட், ட்ரிம் என்கிறோம். ஓடும்போது இன்ஜினின் சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் படகின் மூக்கை ஏற்றி இறக்குவது ட்ரிம். நீரை விட்டு முழுதாக வெளியே தூக்குவது டில்ட்.

கிள்ளான், கோல சிலாங்கூர், செகிஞ்சான் கரையோரத்தில் இது ஆடம்பரம் அன்று. அங்கெல்லாம் கடலடி சேறு. கோல கிள்ளானில் பெரும்பெருக்கு நாளில் நீர்மட்டம் ஏறக்குறைய 4 மீட்டர் ஏறி இறங்கும். காலையில் மிதந்த படகு மதியம் சேற்றில் உட்கார்ந்திருக்கும். இன்ஜினைத் தூக்கி வைக்க முடியாதவரின் விசிறி சேற்றுக்குள் புதையும், குளிர்விக்கும் நீர் உறிஞ்சும் துளைகளில் சேறு அடைக்கும். ஆற்றில் மிதந்து வரும் மரக்கட்டை இன்னொரு தொல்லை. தூக்கி வைக்காத இன்ஜினின் கால் இரவு பகலாக உப்பு நீரில் ஊறினால் சிப்பி ஒட்டுவதும் அரிப்பதும் தனிக் கதை. டில்ட் வேலை செய்யாத நண்டுப் படகுக்காரர் நீர் ஏறும் வரை கடலுக்குப் போக முடியாது, போனாலும் நீர் வற்றுவதற்குள் திரும்பியாக வேண்டும். அவருடைய ஒரு நாள் வருமானம் அந்தப் பொத்தானுக்கு அடியில் இருக்கிறது.

உள்ளே இருப்பது இதுதான். 12 வோல்ட் மின்மோட்டார் ஒன்று, இரு திசையிலும் சுற்றக்கூடியது. அது ஒரு சிறிய பற்சக்கர பம்பைச் சுற்றுகிறது. பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது. ஒரு திசையில் சுற்றினால் எண்ணெய் பிஸ்டனுக்குக் கீழே போய் இன்ஜினைத் தூக்கும், மறுதிசையில் சுற்றினால் மேலே போய் இறக்கும். மோட்டார் நின்றதும் எண்ணெய் திரும்பி ஓடிவிடாதபடி ஒருவழி வால்வுகள் தடுக்கின்றன. அழுத்தம் அளவு மீறினால் திறந்துவிடும் வால்வுகளும் உண்டு. பேட்டரி செத்துப்போனால் கையால் தூக்குவதற்காகப் பக்கவாட்டில் ஒரு திருகு வால்வு இருக்கும். அதைத் தளர்த்தினால் பிஸ்டனின் இரு பக்கத்து எண்ணெய்க்கும் வழி திறந்துவிடும்.

பாடநூல் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு சுமார் 12.5 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தம் கொடுத்தால் 1,250 கிலோ விசை கிடைக்கும். (நியூட்டனில் எழுது என்று உங்கள் ஆசிரியர் சொல்வார், சரிதான். பட்டறையில் கிலோதான்.) 200 கிலோ இன்ஜினுக்கு எதற்கு இவ்வளவு? பிஸ்டன் தள்ளும் இடம் கீலுக்கு மிக அருகில் இருக்கிறது, இன்ஜினின் பாரமோ தள்ளி இருக்கிறது. கதவைக் கைப்பிடியில் தள்ளாமல் கீல் பக்கத்தில் தள்ளிப் பாருங்கள், புரிந்துவிடும்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகம். ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் 1795இல் நீரழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கோட்பாடு சரி, ஆனால் பிஸ்டனைச் சுற்றி நீர் கசிந்துகொண்டே இருந்தது. அழுத்தம் கூடக் கூடத் தானே இறுகிக்கொள்ளும் தோல் வளையம்தான் அதைத் தீர்த்தது. அந்த யோசனை அவருடைய பட்டறையில் வேலை செய்த ஹென்றி மாட்ஸ்லேயுடையது என்று சொல்வார்கள். மாட்ஸ்லே 12 வயதிலேயே ஆயுதச்சாலையில் வேலைக்குப் போனவர். இன்று அந்தத் தோலின் இடத்தில் ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையம் இருக்கிறது. நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்பவருக்கு 1939இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. சில காசுக்குக் கிடைக்கும் பொருள் என்று அதை அலட்சியம் செய்யக் கூடாது. 1986 ஜனவரி 28ஆம் நாள் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்து 7 பேர் மாண்டதற்குக் காரணம், குளிரில் இறுகிப்போன ஓ-ரிங்தான். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் விசாரணையின்போது அந்த ரப்பரைப் பனிக்கட்டி போட்ட நீரில் அமிழ்த்தி எல்லார் முன்னிலையிலும் அதைக் காட்டினார்.

இனி என் வாதத்துக்கு வருகிறேன்.

ஒரு முறை மலாய் மீனவர் ஒருவர் வந்தார். இன்ஜினைத் தூக்கி வைத்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் மெல்ல இறங்கிவிடுகிறது. வேறொரு பட்டறையில் காட்டியிருக்கிறார். பார்த்தவர் ஐந்து நிமிடத்தில் முழு யூனிட்டையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். பல ஆயிரம் வெள்ளி. அவருக்கு அது பல மாதக் கையிருப்பு. அப்போது என்னிடம் தொழிற்பயிற்சிக்கு வந்திருந்த மாணவி ஒருத்தி, எஸ்.பி.எம். தேர்வில் சொல்லிக்கொள்ளும்படி மதிப்பெண் இல்லாதவள், ஸ்பேனரைத் தொடாமல் அவரிடம் ஒரு கேள்வி கேட்டாள்: "பாக்சிக், கோஸ்தான் போடும்போது இன்ஜின் தானா மேலே தூக்குதா?"

(கோஸ்தான் என்பது கப்பல்காரர்களின் சொல். 'பின்னால் செல்' என்ற ஆங்கில மாலுமிக் கட்டளை நம் நாட்டில் கார் ஓட்டுபவர்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. படகில்தான் அது தன் சொந்த வீட்டில் இருக்கிறது.)

அவர் யோசித்துவிட்டு, "ஆமாம், கொஞ்ச நாளாகத் தூக்குகிறது" என்றார். அந்தப் பதிலோடு பாதி வேலை முடிந்துவிட்டது. எப்படி என்று பாருங்கள். தூக்கி வைத்த இன்ஜின் இறங்குகிறது என்றால் பிஸ்டனுக்குக் கீழ்ப்பக்க எண்ணெய் எங்கோ கசிகிறது. பின்னோக்கி ஓட்டும்போது விசிறியின் இழுப்பு இன்ஜினை மேலே கிளப்பப் பார்க்கும். அதைப் பிடித்து வைப்பது மேல்பக்க எண்ணெய். அதுவும் பிடிக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் கெட்டுப்போவதைவிட, இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒன்று கெட்டுப்போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். பொதுவானவை எவை? கையால் திறக்கும் அந்தத் திருகு வால்வு ஒன்று, பிஸ்டனில் உள்ள சீல் இன்னொன்று. வால்வைக் கழற்றப் பத்து நிமிடம் போதும், பிஸ்டனைக் கழற்ற அரை நாள். எதை முதலில் பார்ப்பது என்று சொல்ல வேண்டியதில்லை.

வால்வைக் கழற்றினோம். அதன் ஓ-ரிங் ஒரு பக்கம் தட்டையாகி வெடித்திருந்தது. புதியதைப் போட்டு, எண்ணெய் நிரப்பி, ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு, இன்ஜினைத் தூக்கிச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்தோம். மறுநாள் காலையில் கோடு அங்கேயே இருந்தது.

யூனிட்டை மாற்றச் சொன்னவர் நேர்மையற்றவர் என்று நான் சொல்லவில்லை. புதிய யூனிட்டைப் போட்டிருந்தாலும் இன்ஜின் நின்றிருக்கும். அவருக்குக் கழற்றத் தெரியும், மாட்டத் தெரியும், எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதும் தெரியும். ஏன் இறங்குகிறது என்று கேட்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கற்றுத் தராத அந்தக் கேள்விக்கு விலை கொடுப்பது எப்போதும் படகுக்காரர்தான்.

நம் சமுதாயத்தில் தொழில்திறன் கல்வியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். பெற்றோர் மகனைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வருவார்கள். "படிப்பு ஏறலைங்க, ஏதாச்சும் கைத்தொழில் கத்துக்கட்டும்" என்பார்கள். பையன் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். அன்போடு சொல்லப்படும் சொல்தான், ஆனால் அதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. படிப்பு ஏறாதவன் என்று 17 வயதில் முத்திரை குத்துவது ஒன்று. அதைவிடப் பெரிய பிழை, பட்டறையில் படிப்பு தேவையில்லை என்று நினைப்பது. என் மேசையில் இருக்கும் ஒரு சர்வீஸ் கையேடு எந்தப் பாடநூலைவிடவும் தடிமன். ஆங்கிலத்தில்தான் இருக்கும். மின்சுற்று வரைபடத்தைப் படிக்கத் தெரியாதவர் டில்ட் மோட்டார் சுற்றவில்லை என்றால் மோட்டாரை மாற்றுவார். படிக்கத் தெரிந்தவர் முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே, பிறகு எர்த் என்று போவார். பெரும்பாலான இன்ஜின்களில் மோட்டாருக்குப் போகும் நீலக் கம்பி மேலே, பச்சைக் கம்பி கீழே. பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்து மோட்டார் சுற்றினால் மோட்டார் நிரபராதி. மேலே மட்டும் போய்க் கீழே வரவில்லை என்றால் அந்தப் பக்கத்து ரிலேயைப் பிடிக்க வேண்டும். இது படிவம் 5 பாடத்தில் மின்சாரமும் மின்காந்தமும். அழுத்தத்துக்கு அடுத்தடுத்த அத்தியாயங்கள்.

இன்னொரு பக்கம், நன்றாகப் படித்த பிள்ளைகள். பொறியியல் பட்டப்படிப்பின் நடுவில் தொழிற்பயிற்சிக்கு வந்த மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு நாள் கேட்டார்: எண்ணெய் மட்டத்தை ஏன் இன்ஜினை முழுதாகத் தூக்கி வைத்துத்தான் பார்க்க வேண்டும்? கையேட்டில் அப்படிப் போட்டிருக்கிறது, நான் அப்படியே செய்து பழகியவன். அவர் ஒரு தாளை எடுத்து வரைந்தார். பிஸ்டன் வெளியே நீளும்போது அதன் தண்டு உருளையை விட்டு வெளியே போகிறது. தண்டு இருந்த இடத்தை எண்ணெய் நிரப்புகிறது, ஆகவே தொட்டியில் மட்டம் குறைவாக இருக்கும். இன்ஜின் இறங்கும்போது தண்டு உள்ளே வந்து தன் கன அளவுக்கு எண்ணெயைத் தொட்டிக்குள் திருப்பித் தள்ளும், தொட்டியில் உள்ள காற்று அமுங்கும். இறங்கிய நிலையில் மூடியைத் திறந்தால் எண்ணெய் முகத்தில் பீய்ச்சுவது அதனால்தான். ஏறுவதைவிட இறங்குவது ஏன் வேகம் என்பதையும் அதே படத்தில் காட்டினார்: தண்டு உள்ள பக்கத்தில் பரப்பு குறைவு, அதே எண்ணெய் பிஸ்டனை அதிக தூரம் தள்ளும். பள்ளிக்கூடக் கணக்கு பட்டறையில் உயிர் பெற்றதை நான் கண்ணால் பார்த்த நாள் அது. ஆனால் அதே மாணவருக்கு உருளையின் மூடியைத் திறக்க இரண்டு முள் ஸ்பேனர் வேண்டும், உளியால் அடித்தால் அலுமினியம் பிளந்துவிடும், உப்பில் இறுகிய மூடியைச் சூடு காட்டித்தான் இளக்க வேண்டும் என்பதெல்லாம் தெரியாது. மூன்று ஆண்டுகள் படித்தும் அவர் கையில் ஒரு சீலைக்கூட யாரும் கொடுத்ததில்லை. அது அவர் குற்றம் இல்லை.

ஆக, ஒரு கூட்டத்துக்குக் கையைக் கொடுத்து ஏன் என்ற கேள்வியைப் பிடுங்கிக்கொள்கிறோம். இன்னொரு கூட்டத்துக்குக் கேள்வியைக் கொடுத்துக் கையைக் கட்டிவிடுகிறோம். திவெட் கல்விக்கு ஆள் சேர்க்கும் சுவரொட்டிகளைப் பாருங்கள். சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, எத்தனை மாதத்தில் வேலை என்றுதான் இருக்கும். தவறில்லை, வயிற்றுக்கு வேண்டும். ஆனால் இந்த வேலைக்கு யோசிக்கத் தெரிய வேண்டும், அதுதான் இதில் உள்ள இன்பம் என்று ஒரு சுவரொட்டியும் சொல்லி நான் பார்த்ததில்லை. யோசிக்க விரும்பும் மாணவர் அதைப் பார்த்துவிட்டு இது எனக்கில்லை என்று போய்விடுகிறார். சிந்தனை தேவையில்லை என்று நம்பி வருபவர் இரண்டாம் மாதத்தில் வயரிங் படத்தைப் பார்த்து மிரள்கிறார்.

பயிற்சி நிலையங்கள் பலவற்றில் தேர்வு எப்படி நடக்கிறது என்று என்னிடம் வரும் பிள்ளைகள் சொல்வார்கள். நல்ல நிலையில் உள்ள யூனிட்டைக் கொடுத்து, கழற்றி மாட்டச் சொல்வார்களாம். எல்லா நிலையங்களும் அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதுதான் தேர்வு என்றால், அந்த மாணவருக்குச் சான்றிதழ் கிடைக்கும், பழுதுபார்க்க வராது. கெட்டுப்போகாத ஒன்றில் எதைக் கண்டுபிடிப்பது? நான் என்னிடம் வருபவர்களுக்கு வேண்டுமென்றே பழுதை வைப்பேன். கிள்ளப்பட்ட ஓ-ரிங் ஒன்று, துருப்பிடித்த ரிலே கால் ஒன்று, ஒருவழி வால்வின் குண்டுக்கு அடியில் ஒரு துளி உலோகத்தூள். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பு எங்கே பழுது இருக்கலாம் என்று மூன்று ஊகம் எழுத வேண்டும். ஒவ்வோர் ஊகத்துக்கும் அதைப் பொய்யாக்கக்கூடிய ஒரு சோதனையும் எழுத வேண்டும். முதல் வாரம் என்னைத் திட்டிக்கொண்டேதான் எழுதுவார்கள். இதற்குப் பெரிய செலவும் கிடையாது, பழைய யூனிட் ஒன்று இருந்தால் போதும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது நியாயமானதும்கூட. கூலி ஏறிவிட்டது, அரை நாள் உட்கார்ந்து ஆராய்வதைவிட யூனிட்டை மாற்றிக் கொடுப்பதே வாடிக்கையாளருக்கு லாபம் என்பார்கள். சில நேரம் உண்மைதான். பிஸ்டன் தண்டில் அரிப்பு விழுந்து குழிகள் வந்துவிட்டால் எத்தனை புது சீல் போட்டாலும் அந்தக் குழி சீலை அறுத்துவிடும். உருளையே உப்பில் அரித்துப்போயிருந்தால் நானும் மாற்றத்தான் சொல்வேன். பால் நிறத்தில் எண்ணெய் வந்தால் உள்ளே நீர் போயிருக்கிறது, எத்தனை நாளாகப் போயிருக்கிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறும். ஆனால் மாற்றுவதா, சரிசெய்வதா என்ற முடிவை எடுப்பதற்கே காரணம் தெரிந்திருக்க வேண்டும். காரணம் தெரியாமல் மாற்றினால், தண்டை அரித்த அதே மின்கசிவு புது யூனிட்டையும் அரிக்கும்.

காரணம் தெரியாததன் விளைவை எண்ணெயிலும் பார்க்கலாம். எண்ணெய் குறைந்திருக்கிறது என்று கையில் கிடைத்த பிரேக் எண்ணெயை ஊற்றிக்கொண்டு வருபவர்கள் உண்டு. எல்லாம் ஹைட்ராலிக்தானே என்பது அவர்கள் கணக்கு. சாதாரண பிரேக் எண்ணெய் கிளைக்கால் வகை. இந்த யூனிட்டுகளில் உள்ள நைட்ரைல் ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். பல தயாரிப்பாளர்கள் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயை ஏற்கிறார்கள், சில பழைய யூனிட்டுகளுக்கு வேறு எண்ணெய். கையேட்டைப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். இது வேதியியல் பாடம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பாஸ்கல் பாடம் நடத்தும் வாரத்தில் ஒரே ஒரு நாள் பிள்ளைகளை அருகில் உள்ள ஏதாவது பட்டறைக்குக் கூட்டிப் போங்கள். படகுப் பட்டறைதான் வேண்டும் என்றில்லை, டயர் கடையில் உள்ள ஜாக்கே போதும். கடைக்காரர் மறுக்க மாட்டார், ஒரு வேளை பெருமைப்படுவார்.

கடல்சார் பொறியியலில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு நம் நாட்டிலேயே இடம் இருக்கிறது. ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்கிலும், லுமுட்டில் உள்ள யூனிகேஎல் கடல்சார் கழகத்திலும் அதற்கான துறைகள் உண்டு. மலேசியத் திறன் சான்றிதழ் நிலை 1இல் தொடங்கினால் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்பதில்லை. நிலை 4 டிப்ளோமா, நிலை 5 உயர் டிப்ளோமா. ஆனால் எந்த நிலையத்தில் சேர்வதாக இருந்தாலும், திறந்த நாளில் போய்ச் சுற்றிப் பார்க்கும்போது சம்பளத்தைப் பற்றிக் கேட்பதோடு இன்னும் சிலவற்றையும் கேளுங்கள். இங்கே கெட்டுப்போன இயந்திரங்கள் எத்தனை இருக்கின்றன? தேர்வில் பழுதைக் கண்டுபிடிக்கச் சொல்வீர்களா, கழற்றி மாட்டச் சொல்வீர்களா? கையேடு மாணவர் கையில் இருக்குமா, ஆசிரியரின் அலமாரியில் இருக்குமா? பட்டறைத் தரையையும் ஒரு பார்வை பாருங்கள். எண்ணெய்க்கறையே இல்லாமல் பளபளவென்று இருந்தால், அந்த இயந்திரங்களைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்றும் கேட்டுவிடுங்கள்.